‘இ’ போட்ட காற்றுப்பை

என் மனைவி இசக்கிசெல்விக்கு யார் போன் செய்து வண்டி பழுது என்று சொன்னாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “படுத்துட்டா, உக்காந்துட்டா?”

தமிழில் வண்டி படுத்துவிட்டது என்றால் ஓடவில்லை என்று அர்த்தம். பம்பாய் இந்தியில் அதையே ‘காடி பைட் கயி’, வண்டி உட்கார்ந்துவிட்டது என்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் செல்வி கைவைக்கிற வண்டிகள் நிஜமாகவே உட்காரும். காடு மலை ஏறுவதற்கென்று செய்து, கடைசியில் பாந்த்ரா சிக்னலில் நிற்கிற பெரிய பெரிய வெளிநாட்டு வண்டிகள் அவை. அவற்றில் சாதாரண ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் மேலே நான்கு ரப்பர் பை, பைக்குள் காற்று. ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி ஒரு சாண் உயரும், இன்னொன்றை அழுத்தினால் தாழும். பையில் வெடிப்பு விழுந்து காற்று கசிந்துபோனால், காலையில் பார்க்கும்போது ஒரு கோடி ரூபாய் வண்டி சேற்றில் எருமை கிடப்பதுபோலத் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும்.

அப்படி உட்கார்ந்ததை எழுப்புகிறவள் என் மனைவி. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஷெட் ஒன்று, ஒரு பழைய பிரஸ் மெஷின், ஒரு தண்ணீர் டிரம், அவள். அவ்வளவுதான் அந்தக் கம்பெனி.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் பெயர் பேச்சிராஜா. பதினாறு வருஷமாக ‘பெஸ்ட்’ என்கிற பம்பாய் டவுன் பஸ்ஸில் டிரைவர். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வரும். பஸ்ஸை ஒரு நிமிஷம்கூடத் தாமதமாக டிப்போவுக்குக் கொண்டுபோனதில்லை என்பதில் எனக்குத் திமிர் உண்டு. வழியில் குறுக்கே வண்டி நிறுத்துகிறவனை என் வாயிலிருந்து கடவுளாலும் காப்பாற்ற முடியாது. டிப்போவில் யாராவது உன் வீட்டுக்காரி என்ன செய்கிறாள் என்று கேட்டால், பை தைக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். தாராவிப் பெண் பை தைக்கிறாள் என்றால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. ஏனென்றால் கதை ஆரம்பித்ததே பை தைக்கிற இடத்தில்தான்.

செல்வியின் அப்பா பிச்சையா தோல் பதனிடும் வேலை பார்த்தவர். அவள் தாராவியிலேயே பிறந்து, முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்து, தாஹிர் பாயின் தோல் பட்டறையில் கைப்பை தைக்கப் போனாள். எங்கள் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு நாள் யாரோ ஒரு பணக்காரரின் டிரைவர் அங்கே வந்து நின்றான். அவன் முதலாளி போகிறபோக்கில் ‘பேக் கராப் ஹை, பன்வாகே லா’ என்று சொல்லியிருக்கிறார். பை கெட்டுப்போச்சு, சரிபண்ணிக்கொண்டு வா. பை ரிப்பேர் என்றால் பம்பாயில் எங்கே போவான்? நேராகத் தாராவித் தோல் சந்துக்கு வந்து, சாக்கிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் பொதியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

பட்டறையே சிரித்தது. தாஹிர் பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். செல்வி மட்டும் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. இவ்வளவுதானே என்று மெழுகுநூல் போட்டு இரட்டைத் தையல் தைத்துக் கொடுத்தாள். பக்கத்து பஞ்சர் கடையில் காற்றடித்தார்கள். ஊசி போன ஓட்டையெல்லாம் விசில் அடித்தது. இந்த முறை டிரைவரும் சேர்ந்து சிரித்தான்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவள் அந்தப் பையை, எப்படியும் தூக்கிப் போடத்தானே போகிறாய், இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று வாங்கிக்கொண்டாள். அறுத்துப் பார்த்தாள். உள்ளே நூல் வலை பதித்த ரப்பர், மேலும் கீழும் அதை இறுக்கிப் பிடிக்கிற அலுமினிய வளையம். தைக்கிற சமாசாரமே இல்லை, பிடிக்கிற சமாசாரம் என்று அவளுக்குப் புரிந்தது. அம்பர்நாத்தில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த எங்கள் ஊர்க்காரர் மாரீஸ்வரனைப் பிடித்து, அதே கனத்தில் ரப்பர் குழாய் வார்த்துத் தரச் சொன்னாள். தாஹிர் பாய் தன் பழைய தோல் வெட்டும் பிரஸ்ஸைச் சும்மாவே கொடுத்தார். அதை மாற்றியமைத்து வளையம் இறுக்கினாள். ஒன்றரை வருஷத்தில் பத்தொன்பது பை வெடித்தது. ஒன்று எங்கள் வீட்டு டியூப்லைட்டையும் சேர்த்துக்கொண்டு போனது. நான் கத்தாத கத்தல் இல்லை. இருபதாவது பை வெடிக்கவில்லை. அது இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு பையைச் செய்துமுடித்தால் ஒரு முழு நாள் காற்றடைத்துத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டு வைப்பாள். ஒரு குமிழி வந்தாலும் பிரித்துவிடுவாள். குமிழி வராத பைக்கு, வளையத்தின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், தோல் தைக்கிற ஊசியால் ‘இ’ என்று கீறுவாள். பெற்ற பிள்ளையைப் பெயர் வைக்காமலா ஊருக்கு அனுப்புவது என்பாள்.

அந்த ‘இ’தான் பிறகு எங்களைச் சந்திக்கு இழுத்தது.

செம்பூரில் கிருஷ்ணா என்று ஒருவர் பெரிய வண்டிகளுக்கான கராஜ் வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷமாகச் செல்விக்கு வேலை வருவது பெரும்பாலும் அவர் வழியாகத்தான். வண்டி வராது, சாக்கு வரும். சாக்கில் கிழிந்த பைகள் வரும், நல்ல பைகள் போகும். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஒரு முன்பக்கப் பைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். கிருஷ்ணா எழுபதாயிரம் கேட்பார். செல்விக்கு அவர் தருவது ஒன்பதாயிரம். அதில் அவளுக்கு வருத்தமில்லை. கடை வாடகை அவருக்கு, அலைச்சல் அவருக்கு என்பாள். அவளுக்கு உறுத்தியது வேறு. கிருஷ்ணா வாடிக்கையாளர்களிடம், இது துபாயிலிருந்து வந்தது, ஜப்பான்காரன் சரக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்தேகப்படுகிறவர்களுக்கு வளையத்தில் இருக்கிற ‘இ’யைக் காட்டி, இதோ பாருங்கள் ஜப்பான் எழுத்து என்பாராம். செம்பூரில் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அதை எழுதினது நான்தான் என்று அங்கே சொல்ல ஒருவரும் இல்லை என்று செல்வி ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். ஒரு தடவையாவது வண்டி சாக்கில் வராமல் சக்கரத்தில் வரவேண்டும், தன் பெயரைக் கேட்டு வரவேண்டும், அதுதான் அவள் ஆசை.

காசு வருகிறதில்லையா, பெயரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்றேன் நான். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

போன மழைக்காலத்தில் அவள் ஆசைப்பட்டபடியே ஒருவர் அவள் பெயரைக் கேட்டு வந்தார். ஆனால் சண்டைக்கு வந்தார்.

அவர் பெயர் வெங்கி. மாட்டுங்காக்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர், ஐம்பது வயதைத் தாண்டியவர். சின்ன வயதிலிருந்து அந்த ஜாதி வண்டிமேல் ஒரு பித்து. புதிதில் ஒரு கோடிக்கு நாலைந்து லட்சம் குறைவாக விற்ற வண்டி, பத்து வருஷம் ஓடியபிறகு பதினைந்து லட்சத்துக்குக் கிடைத்ததும், சித்திரை மாதம் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அவருக்கு வைகாசியில் புரிந்தது. முதலில் இன்ஜினுக்குத் தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாய் வெடித்தது, முப்பத்தெட்டாயிரம். பிறகு டாஷ்போர்டில் ஏழு விளக்கு ஒரேசமயத்தில் எரிந்தது. ஏழு நோய் என்று பயந்து போனால் ஒரே நோய், பேட்டரி. அது இருபத்தாறாயிரம். அப்புறம் முன்பக்கம் வலது மூலை சாய்ந்தது. செம்பூருக்குப் போனார். கிருஷ்ணா முன்பக்கம் இரண்டு பையையும் மாற்றி, ஜப்பான் சரக்கு என்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கினார். இரண்டும் செல்வி செய்தவை.

மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடியது. ஜூனில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு வெங்கி கீழே இறங்கிப் பார்த்தால் வண்டி தரையில் உட்கார்ந்திருக்கிறது. இந்த முறை கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கே லாரியில் ஏற்றி அனுப்பினார். அவர்கள் சக்கரத்தைக் கழற்றி, முன்பக்கப் பை இரண்டும் போலி, நான்கு பை, காற்று பம்பு, அதை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் மாற்ற வேண்டும், ஆறு லட்சத்து எண்பதாயிரம் என்று தாள் கொடுத்தார்கள். போலி என்பதற்கு அத்தாட்சியாக வளையத்தைத் திருப்பி அந்த எழுத்தையும் காட்டியிருக்கிறார்கள்.

வெங்கி தமிழ் படிக்கத் தெரிந்தவர். ஜப்பான் சரக்கு என்று காசு கொடுத்து வாங்கிய இடத்தில் நம்ம ‘இ’ உட்கார்ந்திருந்தால் ஒரு மனிதருக்கு எப்படி இருக்கும்? நேராகச் செம்பூர் போய்க் கிருஷ்ணாவின் சட்டையைப் பிடிக்காத குறை. கிருஷ்ணா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. தாராவியில் இசக்கிசெல்வி என்று ஒரு பொம்பளை, அவள்தான் என்னையும் ஏமாற்றிவிட்டாள் என்று கையைக் காட்டிவிட்டார். பன்னிரண்டு வருஷம் அவர் வாயில் வராத பெயர் அன்றைக்கு முழுசாக, தெளிவாக வந்தது. நன்றாக ஓடினபோதெல்லாம் துபாய், உட்கார்ந்ததும் தாராவி. அதோடு விட்டாரா? மற்ற கராஜ்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். செல்விக்குச் சாக்கு வருவது நின்றுபோனது.

எனக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு காலையில் வெங்கி ஷெட் வாசலில் குடையோடு வந்து நின்றார். சந்தில் சேறு மிதித்த கோபமும் சேர்ந்திருந்தது. நீங்கள்தானே இந்த ‘இ’, முன்பக்கம் இரண்டு பைக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அழுதிருக்கிறேன் என்று போனில் படத்தைக் காட்டினார். நான் முந்திக்கொண்டு, அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார், செம்பூரில் போய்க் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி என்னைத் தாண்டி முன்னால் வந்தாள்.

“நாந்தான் சார் இசக்கிசெல்வி. எம் பைதான். வண்டி படுத்துட்டா, உக்காந்துட்டா?”

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “உக்காந்துடுத்து,” என்றார்.

“ஒத்தக் கால மடக்கியா, நாலு காலையும் மடக்கியா?”

“நாலும்தான். ஒரேயடியா.”

“அப்பம் எம் பையில்ல சார். பை போனா அது இருக்குத மூலைதான் சாயும். நாஞ் செஞ்சது முன்னால ரெண்டு. பின்னால ரெண்டும் எதுக்கு உக்காரணும்?”

வெங்கி குடையை மடக்கினார். செல்வி, வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன், என் பையில் ஒரு குமிழி வந்தாலும் நீங்கள் கிருஷ்ணாவுக்குக் கொடுத்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தையும் நான் தருகிறேன் என்றாள். அவள் வாங்கியது பதினெட்டாயிரம். எங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்த பிரஸ். தோற்றால் அதை விற்க வேண்டும், அதோடு அவள் தொழிலும் போகும், பெயரும் போகும்.

அவர் போனதும் நான் குதித்தேன். எழுத்துப் போடாதே போடாதே என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இப்போது அந்த எழுத்தே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டது பார் என்றேன்.

“பேரு வச்சது எதுக்கு?” என்றாள் அவள். “கேக்க வந்தா நாந்தான்னு சொல்லத்தான.”

இரண்டு நாள் கழித்து மாட்டுங்காவுக்குப் போனோம். நான் லீவு போட்டேன். பதினாறு வருஷத்தில் நான் மனைவிக்காகப் போட்ட முதல் லீவு என்றால் நம்புவீர்களோ என்னவோ. பழைய மூன்று மாடிக் கட்டடம், வாசலில் தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே அந்த வெள்ளை வண்டி சக்கரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பால்கனியிலிருந்து கட்டடமே எட்டிப் பார்த்தது. வெங்கியின் மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். இந்த வண்டி வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவள் என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாக்கி போட்டாள். முன்பக்கப் பைகள் இரண்டுக்கும் எங்கள் சின்ன பம்பிலிருந்து காற்றடைத்தாள். துணி சோப்பைக் கரைத்து மடிப்பு மடிப்பாகத் தடவினாள். வெங்கி முட்டிபோட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. ஒரு குமிழி இல்லை. நான் மூச்சை விட்டேன்.

கோளாறு நம் பையில் இல்லை என்று நிரூபித்தாயிற்று, கிளம்பலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் போய் மரத்தடியில் நின்றுகொண்டேன். பை நல்லது என்றால் போதுமா, வண்டி இன்னும் உட்கார்ந்துதானே இருக்கிறது?

அவள் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். அப்படியே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

“மாவு புளிச்ச வாடை அடிக்கே,” என்றாள்.

வெங்கி சட்டென்று மனைவியைப் பார்த்தார். போன மாதம் நாத்தனார் வீட்டுக்கு இட்லிமாவு கொண்டுபோனபோது கொட்டினாயா என்று கேட்டார். அவள், தூக்கு மூடியே திறக்கவில்லை என்று சண்டைக்கு வந்தாள். அவர்கள் மாவை வைத்து வாதாடிக்கொண்டிருக்கும்போதே செல்வி டிரைவர் பக்கத்து சீட்டின் கீழே கார்ப்பெட்டை அழுத்தினாள். தண்ணீர் பொதுக்கென்று விரலிடையில் வந்தது. சீட்டைக் கழற்றினாள். அதன் அடியில்தான் காற்றை ஆட்டிவைக்கிற அந்தப் பெட்டி. அதில் செருகியிருந்த ஒயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பெட்டிக்குத் தண்ணீர் ஏறியதும் அது புத்தி குழம்பி நான்கு பையின் காற்றையும் திறந்துவிட்டிருக்கிறது. பையும் சரி, பம்பும் சரி, தண்ணீர்தான் வில்லன்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த வண்டிகளுக்குக் கூரையில் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதைச் சுற்றி ஒரு வாய்க்கால், வாய்க்காலின் நான்கு மூலையிலும் மழைத்தண்ணீர் இறங்க விரல் பருமன் குழாய். மரத்தடியில் நிறுத்துகிற வண்டிகளில் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்குவது சாதாரண வியாதி, இலைதான் அடைத்திருக்கும் என்று செல்வி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கூரை ஜன்னலைத் திறந்து, மெல்லிய நைலான் குழாயை விட்டுக் கிண்டினாள். வந்தது இலை இல்லை. மஞ்சள் மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு பசை. ஒரு கை அளவு. அதைத் தட்டில் வைத்து விரலால் நசுக்கினாள். நடுவில் இரண்டு மூன்று மணி முழுசாக இருந்தது.

“வண்டிக்கு மேல அரிசி எதுவும் போட்டியளா சார்?” என்று கேட்டாள்.

வெங்கியின் மனைவிதான் மெல்ல வாயைத் திறந்தாள். “ஏன்னா, அட்சதை போட்டோமே.”

விஷயம் இதுதான். வண்டி வாங்கின அன்று கோயில் வாசலில் பூஜை. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறைப்படி. அப்போது அவர்களுடைய மகள் கூரை ஜன்னலைத் திறந்து இடுப்பளவு வெளியே நின்றுகொண்டு போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் இருபது பேரும், கல்யாண ஜோடிக்குப் போடுவதுபோல, அவள்மேலும் வண்டிமேலும் கைகொள்ளாமல் மஞ்சளரிசி போட்டிருக்கிறார்கள். மேலே விழுந்த அரிசியைத் துடைத்துவிட்டார்கள். வாய்க்காலுக்குள் போன அரிசி யார் கண்ணிலும் படவில்லை. வெயில் காலம் முழுக்க அது அங்கேயே காய்ந்து கிடந்தது. முதல் மழையில் ஊறி, உப்பி, குழாயை அடைத்து, புளித்து, கடைசியில் ஆறு லட்சத்து எண்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் போட வைத்தது. வண்டி செய்த வெள்ளைக்காரன் பாலைவனத்தை நினைத்தான், ஆற்றை நினைத்தான், பனியை நினைத்தான். மாட்டுங்கா அட்சதையை எப்படி நினைப்பான்?

முதலில் சிரித்தது வெங்கிதான். அப்புறம் அவர் மனைவி. அப்புறம் பால்கனியெல்லாம். ஆசீர்வாதமே ஆகாமல் போச்சே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. நான்கு குழாயையும் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

வெயில் இல்லாததால் வெங்கி வீட்டு ஹேர்டிரையரைக் கொண்டுவந்து பெட்டியை உலர்த்தினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, முகத்தைத் தூக்கிவைத்திருந்த அந்த அம்மாள்தான். களிம்பு பிடித்த ஒயர் முனையை மாற்ற நான் குர்லாவுக்குப் போய்ப் பழைய பாகம் விற்கும் கடையில் ஒன்று வாங்கி வந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டினாள். சாவியைத் திருப்பி இன்ஜினை ஓடவிட்டாள். பம்பு உறுமியது. முன்பக்கம் முதலில் அசைந்தது, பிறகு பின்பக்கம். மறைந்திருந்த சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வண்டி எழுந்து நின்றது.

எவ்வளவு என்று வெங்கி கேட்டார். ஒயர் முனை, கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து இருநூறு என்றாள். அவர் ஐம்பதாயிரத்தை எடுத்தார். ஆறு லட்சம் மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவள் ஐயாயிரத்து இருநூற்றை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“காசு போதும் சார். இது எங்க செஞ்சதுன்னு யாராவது கேட்டா மட்டும் எம் பேரச் சொல்லுங்க.”

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கண்டக்டர் எனக்குத் தெரிந்தவன்தான். டிக்கெட் கொடுக்க வந்தவன், அண்ணியோடு எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டான். சும்மா ஒரு வேலையாக என்று சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாகப் பை தைக்கிறாள் என்று சொன்ன வாய் அல்லவா? கிருஷ்ணாவைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்கு அடுத்த வாரம். தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் காலை பத்தரைக்கு என் பஸ் வருகிறது. நின்றபடியும் ஆள். பார்த்தால் ரோட்டோரம் கும்பல், கும்பலுக்கு நடுவில் ஒரு பெரிய வண்டி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு எப்படி இருக்கும்? ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி, உங்க அப்பன் வீட்டு ரோடா என்று நான் ஆரம்பிக்கும்போது, கும்பல் விலகியது. வெள்ளை வண்டி. டிரைவர் சீட்டில் வெங்கி. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் செல்வி. பின்பக்கப் பைகளும் பழசு, அவற்றையும் நீங்களே மாற்றிக்கொடுங்கள் என்று அவர் போனில் கேட்டிருந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கே வருவார் என்று தெரியாது. வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. அதனால் சந்து முழுக்க வெளியே வந்திருந்தது.

செல்வி நிமிர்ந்து கையைக் காட்டினாள். வெங்கி பட்டனை அழுத்தினார். வண்டி மெதுவாக, ஒரே சீராக, ஒரு சாண் உயர்ந்தது. கும்பலில் இருந்த டாக்ஸிக்காரர் ஒருவர் துபாய் சரக்கா என்று இந்தியில் கேட்டார். வெங்கி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தொண்ணூறு அடி ரோடு முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார். “துபாய் நஹி. தாராவி. இசக்கிசெல்வி.”

பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன. வழி இருந்தது, நான் போயிருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டேன். என்ன ஆச்சு டிரைவர் என்று பயணிகள் கேட்டார்கள். ஒன்றுமில்லை, உட்கார்ந்திருந்த வண்டி எழுந்திருக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றேன். நான் அழுதேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். கண்ணாடி ஈரமாக இருந்ததற்கு மழை காரணம்.

டிப்போவுக்கு நான்கு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். டைம்கீப்பர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பேச்சிராஜா லேட்டா என்றார். காரணம் கேட்டார். பீவி கா காம் தா, மனைவியின் வேலை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, வீட்டு வேலையை லீவு நாளில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று சொல்லி ‘சொந்த வேலை’ என்று எழுதப் போனார். நான் நோட்டின்மேல் கையை வைத்தேன்.

வீட்டு வேலை இல்லை சாகிப், பெரிய பெரிய வண்டிகளுக்குக் காற்றுப்பை செய்கிறவள் என் மனைவி, ரோட்டில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள், நான் நின்று பார்த்தேன், அதனால் தாமதம், அப்படியே எழுதுங்கள் என்றேன். இத்தனை வருஷம் பை தைக்கிறாள் என்றாயே என்றார். பொய் சொன்னேன் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். மராத்திக்காரருக்கு அது வாயில் நுழையவில்லை. எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்.

“முதல் எழுத்து இ,” என்றேன்.